மூட்டை குறைந்தது, சோறு குறையவில்லை

கொச்சியின் மட்டாஞ்சேரிக்குச் செல்வோரை முதலில் வரவேற்பது வாசனைதான். பஜார் சாலையில் வரிசையாக நிற்கும் பழைய பண்டகசாலைகளின் ஓட்டுக் கூரைகளுக்கு அடியிலிருந்து சுக்கும் மிளகும் ஏலமும் கலந்த மணம் எழுந்து வருகிறது. சாலையின் ஒரு பக்கத்துப் பண்டகசாலைகளுக்குப் பின்னே காயல் விரிந்து கிடக்கிறது. படகில் வந்த சரக்கு பின்வாசல் வழியே நுழைந்து, முன்வாசல் வழியே வண்டியேறிய காலம் ஒன்று இருந்தது. அந்த இரண்டு வாசல்களுக்கும் இடையே சரக்கைச் சுமந்தவை மனிதத் தோள்கள்.

இன்று அப்பண்டகசாலைகள் சிலவற்றில் கலைப்பொருள் கடைகள் நடக்கின்றன. சிலவற்றில் காப்பிக் கடைகள் வந்துவிட்டன. யூதர் தெருவில் குரலெழுப்பி நடந்த மிளகு வணிகம் கணினித் திரைக்கு மாறிவிட்டது. 2011ஆம் ஆண்டில் வல்லார்பாடத்தில் சரக்குப் பெட்டக முனையம் திறக்கப்பட்டபின், துறைமுகத்தின் பாரத்தைத் தூக்குவது பெரும்பாலும் பாரந்தூக்கிப் பொறிகளின் வேலையாயிற்று. மூட்டை சுமந்தவரின் மகன் இன்று கணக்கு எழுதுகிறார். பேரன் விசைப்பலகைமுன் அமர்ந்திருக்கிறார். இந்த மாற்றம் வரவேற்கத்தக்கது. எந்தத் தந்தையும் தம் மகன் மூட்டை சுமக்க வேண்டும் என்று விரும்பியதில்லை.

ஆனால், ஒன்று மட்டும் மாறவில்லை. நண்பகலில் அம்மூவரின் முன்னும் வைக்கப்படும் சோற்றின் அளவு ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கிறது. தாத்தாவின் தட்டில் குவிந்த சோறு மாலைக்குள் வியர்வையாக வெளியேறியது. பேரனின் தட்டில் குவிவது எங்கே போகிறது என்பதுதான் இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் கேள்வி. இக்கேள்வி மட்டாஞ்சேரிக்கு மட்டும் உரியதன்று. மதுரைக்கும் திருச்சிக்கும் கோவைக்கும் உரியது. நம் வாசகர் ஒவ்வொருவரின் வீட்டுக்கும் உரியது.

உழைத்த ஊர்

மட்டாஞ்சேரியின் உழைப்பை நாம் அழகுபடுத்திப் பார்க்க வேண்டியதில்லை. கொச்சித் துறைமுகத்தில் ஒரு காலத்தில் 'சாப்பா' என்னும் முறை இருந்தது. வேலை தேடித் திரண்டு நிற்கும் தொழிலாளர் கூட்டத்தின் நடுவே உலோகச் சில்லைகள் வீசியெறியப்படும். எட்டிப் பிடித்தவருக்கு அன்று வேலை. பிடிக்காதவருக்கு அன்று பட்டினி. அதை எதிர்த்து எழுந்த போராட்டத்தில், 1953ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். அத்தகைய சுமை உடலை வளர்ப்பதைவிடத் தேய்ப்பதே மிகுதி. ஓய்வும் போதிய ஊட்டமும் இல்லாத கடும் உழைப்பு முதுகையும் மூட்டையும் சிதைக்கும். உழைப்பு வேறு, உடற்பயிற்சி வேறு என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

ஆயினும், அசையும் உடலுக்கும் அமர்ந்திருக்கும் உடலுக்கும் உள்ள வேற்றுமையை மருத்துவ உலகம் கணக்கிட்டுப் பார்த்ததும் அதே 1953ஆம் ஆண்டில்தான். ஜெரி மாரிஸ் என்னும் ஆய்வாளர் லண்டன் நகரின் இரட்டை அடுக்குப் பேருந்துகளில் பணிபுரிந்தோரை ஆராய்ந்தார். ஓட்டுநர் நாள்முழுதும் அமர்ந்திருந்தார். நடத்துநரோ நாள்தோறும் நூற்றுக்கணக்கான படிகளை ஏறி இறங்கினார். இருவரும் ஒரே பேருந்தில், ஒரே தெருக்களில் பணிபுரிந்தவர்களே. ஆனாலும் மாரடைப்பு முதலான இதய நோய்கள் ஓட்டுநரைவிட நடத்துநர்க்குக் குறைவாகவே வந்தன. உடலியக்கத்தைப் பற்றிய இன்றைய அறிவியலின் தொடக்கங்களுள் ஒன்றாக இவ்வாய்வு போற்றப்படுகிறது. நாம் ஒவ்வொருவரும் நம்மைக் கேட்டுக்கொள்ளலாம்: நம் வாழ்க்கைப் பேருந்தில் நாம் ஓட்டுநரா, நடத்துநரா?

மட்டாஞ்சேரிக்கு அருகே, ஃபோர்ட் கொச்சியில் 'வெளி' என்று பெயர்பெற்ற பகுதியில், இன்றும் உடலுழைப்பால் வாழும் தமிழர் சிலரைக் காணலாம். டச்சுக்காரர் காலத்தில் படைவீரரின் உடைகளை வெளுப்பதற்காகத் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள் அவர்கள். 1976ஆம் ஆண்டில் அவர்களுக்கெனக் கட்டித்தரப்பட்ட சலவைக்கூடத்தில், ஒவ்வொருவருக்கும் ஒரு துவைகல்லும் தொட்டியும் உண்டு. துணியைக் குனிந்து எடுத்து, ஓங்கி அடித்து, பிழிந்து, கொடியில் உலர்த்தி, கரிப்பெட்டியால் தேய்த்து மடிக்கும் வரையில் உடலின் ஒவ்வொரு தசையும் வேலை செய்கிறது. நம் வீட்டில் அதே வேலையைச் சலவைப்பொறி செய்கிறது. நாம் ஒரு பொத்தானை அழுத்துகிறோம். அம்மியும் உரலும் கிணற்றுக் கயிறும் அவ்வாறே விடைபெற்றன. அவை போனதில் வருத்தமில்லை. அவை தந்த அசைவுக்கு மாற்றாக நாம் எதையும் வைக்கவில்லை என்பதே குறை.

எண்கள் சொல்வது

இந்தக் குறையின் விலை என்ன? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடத்தப்பட்டு, 2023ஆம் ஆண்டில் வெளியான ஆய்வின்படி, இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்கின்றனர். மேலும் 13 கோடியே 60 இலட்சம் பேர் நீரிழிவின் வாசலில், அதாவது முன்நீரிழிவு நிலையில் உள்ளனர். நாட்டின் சராசரி 11.4 விழுக்காடு என்னும்போது, கேரளத்தின் அளவு 25.5 விழுக்காடு, வயதுவந்தோருள் நால்வருக்கு ஒருவர். கோவா, புதுச்சேரி ஆகியவற்றுக்கு அடுத்து, பட்டியலின் உச்சியில் கேரளம் நிற்கிறது. எழுத்தறிவிலும் தாய்சேய் நலத்திலும் நாட்டுக்கு முன்மாதிரியான மாநிலத்தின் நிலை இது. தமிழ்நாட்டின் அளவும் நாட்டின் சராசரியைவிட மிகுதியே.

நம்மவர் உடலமைப்பும் இதில் ஒரு காரணம். பருமனாகத் தோன்றாத இந்தியருக்கும் வயிற்றுப் பகுதியில், உள்ளுறுப்புகளைச் சுற்றிக் கொழுப்பு சேர்வது மிகுதி. ஆகவேதான் ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டினால் எச்சரிக்கையாக இருக்குமாறு மருத்துவர் கூறுகின்றனர். "நான் ஒல்லியாகத்தான் இருக்கிறேன்" என்பது நமக்குப் போதிய காப்பன்று. அளவுநாடா ஒன்று வீட்டில் இருந்தால் உண்மை தெரிந்துவிடும்.

நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் தொடக்கத்தில் வலிப்பதில்லை. பல ஆண்டுகள் ஓசையின்றி உடலில் தங்கியிருந்து, பின்னர் கண்ணின் திரையையும் சிறுநீரகத்தையும் கால் நரம்புகளையும் இதயக் குழாய்களையும் தாக்குகின்றன. வங்கியின் வாடிக்கையாளர் என்னும் முறையில் இதன் மற்றொரு பக்கத்தையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். மகளின் படிப்புக்கெனச் சேர்த்த தொகை, ஓய்வுக்காலத்துக்கென ஒதுக்கிய வைப்பு, வீடு கட்ட வைத்திருந்த சேமிப்பு ஆகியவை வாரந்தோறும் சிறுநீரகச் சுத்திகரிப்புக்கும் இதய அறுவை சிகிச்சைக்கும் கரைந்துபோன குடும்பங்கள் நம் உறவிலேயே இருக்கக்கூடும். முப்பது ஆண்டுச் சேமிப்பை மூன்று ஆண்டில் காலி செய்யும் ஆற்றல் நோய்க்கு உண்டு.

சென்னை காட்டிய வழி

இதைத் தடுக்க முடியுமா என்ற கேள்விக்கு நம் மண்ணிலேயே விடை கிடைத்திருக்கிறது. மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் சென்னையில் நடைபெற்ற இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவுகள் 2006ஆம் ஆண்டில் வெளியாயின. முன்நீரிழிவு நிலையிலிருந்த 531 பேர் அதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினர்க்கு வழக்கமான பொது அறிவுரை மட்டும் தரப்பட்டது. மற்றொரு பிரிவினர்க்கு உணவுமுறை மாற்றமும், நாள்தோறும் குறைந்தது அரைமணி நேர நடையும் பரிந்துரைக்கப்பட்டு, தொடர்ந்து ஊக்கமும் அளிக்கப்பட்டது. வேறு சிலருக்கு மெட்ஃபார்மின் என்னும் மாத்திரையும் தரப்பட்டது.

மூன்று ஆண்டுகளில், பொது அறிவுரை மட்டும் பெற்றோருள் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவு நோயாளிகளாயினர். உணவும் நடையும் மாற்றிக்கொண்டோருள் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 39. மாத்திரை பெற்றோரின் நிலையும் அதற்கு அருகிலேயே இருந்தது. எளிமையாகச் சொன்னால், நூறு பேர் தட்டையும் நடையையும் திருத்திக்கொண்டதால், அம்மூன்று ஆண்டுகளில் பதினாறு பேர் நோயின் பிடியில் சிக்காமல் இருந்தனர். முழுக் காப்பு என்று இதைச் சொல்ல முடியாது. திருத்திக்கொண்டவர்களிலும் 39 பேருக்கு நோய் வந்தது. ஆனால் அந்தப் பதினாறு பேரில் ஒருவராக நாம் இருந்தால், அது நமக்கு முழுமையான ஆதாயம் அன்றோ?

இவ்வாய்வில் கவனிக்கத்தக்க செய்தி இன்னொன்றும் உண்டு. பயனடைந்தோரின் உடல் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. எடைப்பொறியில் ஏறி நின்று, முள் அசையவில்லையே என்று ஏமாற்றமடைந்து, இரண்டாம் மாதத்திலேயே நடையை நிறுத்திவிடுவோர் பலர். முள் அசையாதபோதும் உடலின் உள்ளே நன்மை நடந்துகொண்டிருக்கலாம் என்பதே சென்னை ஆய்வு நமக்குத் தரும் ஆறுதல்.

கேரளத்திலும் ஒரு முயற்சி நடந்தது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளைச் சேர்ந்த, நோய்வரும் வாய்ப்பு மிகுந்த 1,007 பேரை வைத்து நடத்தப்பட்ட ஆய்வு அது. 2018ஆம் ஆண்டில் முடிவுகள் வெளியாயின. அங்கு ஊர்க்காரர்களே பயிற்சி பெற்று, தம் அண்டை அயலாரைக் குழுவாகக் கூட்டி, உணவையும் உடலியக்கத்தையும் பற்றிப் பேசினர். இரண்டு ஆண்டு முடிவில் குழுவில் சேர்ந்தோருள் 14.9 விழுக்காட்டினர்க்கும், சேராதோருள் 17.1 விழுக்காட்டினர்க்கும் நீரிழிவு வந்தது. இந்த வேற்றுமை தற்செயலாகவும் ஏற்பட்டிருக்கக்கூடும் என்பதை ஆய்வாளர் மறைக்கவில்லை. ஆனால் குழுவில் இருந்தோர் காய்கனிகளை மிகுதியாக உண்ணத் தொடங்கினர். மது அருந்துவது குறைந்தது. அன்றாட வேலைகளைச் செய்யும் உடல்திறன் மேம்பட்டது. பழக்கம் மாறுவது இயலும், அதற்குத் துணை வேண்டும், அதன் முழுப்பயன் கைக்கு வரக் காலம் பிடிக்கும் என்பனவே இதிலிருந்து நாம் பெறும் பாடங்கள்.

தட்டைத் திருத்துவோம்

திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தைத் திறந்து பார்ப்போர்க்கு வியப்பு ஒன்று காத்திருக்கிறது. அதன் பத்துக் குறள்களில் ஆறு, உணவைப் பற்றியே பேசுகின்றன. செரித்ததை அறிந்து உண்பதும், அளவோடு உண்பதும், பசித்து உண்பதும்தான் வள்ளுவர் முதலில் எழுதித் தரும் மருந்துச்சீட்டு. மருத்துவர் வருவது அதன் பின்னரே.

நம் நாட்டினர் பெறும் ஆற்றலில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று அண்மை ஆய்வு ஒன்று கூறுகிறது. சோறு, இட்லி, புட்டு, பரோட்டா, மரவள்ளிக்கிழங்கு எனப் பெயர்கள் மாறினாலும் பொருள் ஒன்றே. இங்கே கேரள வீடுகளில் பரவலாக உண்ணப்படும் மட்டை அரிசியைப் பற்றி ஒரு சொல். அதன் சிவப்புத் தவிட்டில் நார்ச்சத்து உண்டு. வெள்ளையரிசியைவிட அது மேலானது. ஆனால் சிவப்பு என்பதற்காக இரண்டு மடங்கு உண்டால், கிடைத்த நன்மை அளவிலேயே கரைந்துவிடும். நிறத்தைப் பார்க்குமுன் அகப்பையின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும்.

தட்டை மனத்தளவில் இரண்டாகப் பிரித்துக்கொள்வோம். ஒரு பாதி காய்கறிக்கும் கீரைக்கும். மற்றப் பாதியில் ஒரு பங்கு பருப்பு, பயறு, மீன், முட்டை, தயிர் முதலிய புரதத்துக்கு. எஞ்சிய பங்கு சோற்றுக்கு. முதலில் காயையும் புரதத்தையும் உண்ணத் தொடங்கி, பிறகு சோற்றுக்கு வந்தால், குறைந்த சோற்றிலேயே வயிறு நிறையும். நாள் ஒன்றுக்குக் காய்கனிகள் 400 கிராமுக்குக் குறையாமல் வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. சமையலறைத் தராசில் ஒருமுறை நிறுத்துப் பார்த்தால், நாம் உண்பது அதில் எவ்வளவு என்பது விளங்கும்.

இதற்காக அயல்நாட்டுப் பண்டங்களைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. மட்டாஞ்சேரியின் சிறு பரப்பில் பல மொழியினர், பல சமயத்தினர் அருகருகே வாழ்கின்றனர். ஒவ்வொருவர் அடுக்களையிலும் ஒரு நல்ல உணவு ஏற்கெனவே இருக்கிறது. மலையாளிகளின் கஞ்சியும் சிறுபயறும் எளியவர் உணவென்று ஒதுக்கத்தக்கதன்று. தானியமும் பயறும் இணைந்த சிறந்த சேர்க்கை அது. அவியலும் கீரைத் தோரனும் காய்கறியைத் தட்டின் நடுவுக்குக் கொண்டுவருகின்றன. செறளாயிப் பகுதியில் வாழும் கொங்கணி மக்களின் வீட்டில் துவரம்பருப்புக் குழம்பு நாள்தோறும் இடம்பெறுகிறது. குஜராத்தி மக்களின் டோக்ளா எண்ணெயில் பொரிக்காமல் ஆவியில் வேகவைத்த கடலைமாவுப் பண்டம். தமிழர் வீட்டுக் கூட்டும் பொரியலும் சுண்டலும் அவற்றுக்கு இளைத்தவை அல்ல. விழா நாளின் பிரியாணியும் நேந்திரங்காய் வறுவலும் விழா நாளுக்கே உரியனவாக இருந்தவரை தீங்கில்லை. அவை வாரநாள்களிலும் புகுந்ததுதான் சிக்கல்.

கடற்கரை ஊரின் பெருஞ்செல்வம் மீன். மத்தியும், அயலை எனப்படும் கானாங்கெளுத்தியும் விலை மலிந்தவை. இதயத்துக்கு நலம்தரும் ஒமேகா-3 கொழுப்பு நிறைந்தவை. குடம்புளி இட்டுக் குழம்பாக வைத்தால் அந்நன்மை முழுதும் கிடைக்கும். எண்ணெயில் மூழ்கப் பொரித்தால் வேண்டாத கொழுப்பும் உடன்வரும். தேங்காய் எண்ணெயில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு. அதை விலக்க வேண்டியதில்லை. கரண்டியால் அளந்து ஊற்ற வேண்டும். உப்பைப் பொறுத்தவரை, நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் அடங்குவது நலம். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றில் மறைந்திருக்கும் உப்பும் அக்கணக்கில் சேரும்.

சர்க்கரைக்கு ஒரு கூட்டல் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளுக்கு நான்கு குவளைத் தேநீர், குவளைக்கு இரண்டு கரண்டி சர்க்கரை, கரண்டிக்கு 4 கிராம் என்றால், நாளொன்றுக்கு 32 கிராம். மாதத்துக்கு 960 கிராம். அலுவலகத் தேநீரில் மட்டுமே ஒருவர் மாதம் ஒரு கிலோ சர்க்கரையை அருந்துகிறார். கரண்டியை இரண்டிலிருந்து ஒன்றாக்கினால், ஓராண்டில் ஏறத்தாழ ஐந்தேமுக்கால் கிலோ மிச்சம். இரண்டு மூன்று வாரங்களில் நாவும் அச்சுவைக்குப் பழகிவிடும்.

நடைக்கு நேரம் எங்கே?

"நேரமில்லை" என்பதே பெரும்பாலோர் கூறும் காரணம். இதற்கும் கணக்கு உண்டு. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கம் வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. குறைந்த அளவான 150 நிமிடத்தை எடுத்துக்கொண்டால், நாளுக்கு அரைமணி வீதம் ஐந்து நாள். ஓராண்டில் 130 மணி நேரம். ஆண்டு ஒன்றில் இருப்பது 8,760 மணி நேரம். நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு மட்டுமே உடலுக்கு நாம் ஒதுக்கும் தொகை.

மிதமான நடை என்பது எது? நடந்துகொண்டே பேச முடிய வேண்டும். பாட முடியாத அளவு மூச்சு வாங்க வேண்டும். அதுவே அளவுகோல். மட்டாஞ்சேரி இதற்கு மிகவும் ஏற்ற ஊர். மேடுபள்ளம் இல்லாத சமதரை, காயலோரக் காற்று. டச்சு அரண்மனையருகே தொடங்கி, பஜார் சாலை வழியாக ஃபோர்ட் கொச்சிக் கடற்கரையின் சீன வலைகளை நோக்கி நடந்தால், வாகனம் பெருகுமுன் அன்றைய கடமை நிறைவேறிவிடும். ஒவ்வோர் ஊரிலும் இத்தகைய வழி ஒன்று உண்டு. மதுரையில் மாசி வீதிகள், திருச்சியில் காவிரிக் கரை, சென்னையில் மெரினா என நம் ஊரின் வழியை நாமே தேர்ந்துகொள்ளலாம்.

உண்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் மெல்ல நடப்பது தனிப் பயன் தரும். உணவிலிருந்து இரத்தத்தில் கலக்கும் சர்க்கரையைப் பெருமளவு எடுத்துக்கொள்பவை நம் தசைகள். அவை அசையும்போது அச்சர்க்கரையை விரைந்து ஏற்றுக்கொள்கின்றன; உண்டவுடன் சாய்ந்து படுத்தால் அது இரத்தத்திலேயே நெடுநேரம் தங்குகிறது. முற்காலத்தில் சாப்பிட்டபின் மூட்டை தூக்கத் திரும்பியவர் தம்மை அறியாமலே செய்ததை, நாம் அறிந்து செய்கிறோம்.

நடையோடு, வாரத்தில் இரண்டு நாள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும். உடற்பயிற்சிக் கூடத்தில் சேர வேண்டிய கட்டாயமில்லை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து அமர்வது, சுவரில் உள்ளங்கை பதித்துத் தண்டால் எடுப்பது, தண்ணீர் நிரப்பிய புட்டிகளைத் தூக்கி இறக்குவது ஆகியன போதும். அறுபத்தைந்து வயதைக் கடந்தோர், பிடிமானத்துக்கு அருகே நின்று ஒற்றைக்காலில் சமநிலை பழகுவதும் நலம். விழுந்து எலும்பு முறிவதைத் தடுக்க அது உதவும். கேரளத்தின் மழைக்காலத்தில் வெளியே செல்ல இயலாத நாள்களிலும் இவை வீட்டுக்குள்ளேயே நடக்கும். அலுவலகத்தில் அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நிற்பதும், ஒரு மாடிக்கு மின்தூக்கியைத் தவிர்ப்பதும் கணக்கில் சேரும் சிறுதொகைகளே.

ஒன்றை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். உடற்பயிற்சி நிரந்தர வைப்பு அன்று. ஒருமுறை செலுத்திவிட்டுப் பல ஆண்டு காத்திருக்க முடியாது. கல்லூரி நாள்களில் கால்பந்து ஆடியவர் என்பது ஐம்பது வயதில் காப்பாகாது. அது மாதந்தோறும் தவணை செலுத்தும் தொடர் வைப்பு. தவணை சிறிதாக இருக்கலாம், தவறக் கூடாது. தவறினாலும் கணக்கை மூடிவிடாமல் மறுநாளே மீண்டும் செலுத்தத் தொடங்கிவிடலாம்.

ஆண்டுக்கொருமுறை கணக்குச் சரிபார்ப்பு

வங்கிக் கணக்கேட்டைச் சரிபார்ப்பது போல உடலின் கணக்கையும் ஆண்டுக்கொருமுறை சரிபார்க்க வேண்டும். இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம், வெறும்வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு ஆகியவை அதில் அடங்கும். வெறும்வயிற்றுச் சர்க்கரை 100 முதல் 125 மில்லிகிராம் வரை இருந்தால், அது முன்நீரிழிவுக்கான எச்சரிக்கை. சென்னை ஆய்வில் பயன்பெற்றோரைப் போல நாமும் திரும்பிவரக்கூடிய கட்டம் அதுவே. 126ஐ எட்டினால் மறுபரிசோதனை செய்து மருத்துவரை அணுக வேண்டும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் 5.7 முதல் 6.4 வரை எச்சரிக்கை, 6.5 முதல் நீரிழிவு. இரத்த அழுத்தம் 140/90ஐ எட்டினாலும் மருத்துவரின் அறிவுரை தேவை. முப்பது வயதைக் கடந்தோர் அரசு நலவாழ்வு நிலையங்களில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் கட்டணமின்றிப் பரிசோதனை செய்துகொள்ளலாம்.

பழைய வருமானவரி முறையைத் தேர்ந்தெடுத்தோர், மருத்துவக் காப்பீட்டுக்கான கழிவு வரம்புக்குள், நோய்த்தடுப்பு உடற்பரிசோதனைச் செலவில் 5,000 ரூபாய் வரை சேர்த்துக்கொள்ளலாம். மருத்துவக் காப்பீட்டை நலமாக இருக்கும்போதே எடுப்பது அறிவுடைமை. முன்பே உள்ள நோய்களுக்கு மூன்று ஆண்டு வரை காத்திருப்புக் காலம் விதிக்கப்படலாம் என்பதை நினைவில் கொள்க.

ஏற்கெனவே நீரிழிவுக்கோ இதய நோய்க்கோ மருந்து உட்கொள்வோர், மருத்துவரைக் கேட்டபின்னரே உணவிலும் பயிற்சியிலும் பெரிய மாற்றம் செய்ய வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்வோர்க்கு, பயிற்சியின்போது சர்க்கரை மிகவும் தாழ்ந்துவிடக்கூடும். கையில் சிறிது இனிப்பும், காலில் பொருந்திய காலணியும் இன்றி அவர்கள் வெளியே செல்லலாகாது. நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ, தலைசுற்றலோ, வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறலோ தோன்றினால் உடனே நின்று உதவி கேட்க வேண்டும். உணவும் நடையும் மருந்துக்குத் துணை. மருந்தைத் தாமாக நிறுத்துவதற்கு உரிமம் அல்ல.

மட்டாஞ்சேரியின் பண்டகசாலை வாசலில் இன்று மூட்டைகள் குறைந்துவிட்டன. தாத்தாவின் தோளைத் தேய்த்த அச்சுமை பேரனுக்கு வேண்டாம். அது இறங்கியது நல்லதே. அவருடைய நாளில் இருந்த அசைவை மட்டும் நாம் திரும்பப் பெற்றுக்கொள்வோம். இன்று இரவு உணவின்போது ஓர் அகப்பைச் சோற்றைக் குறைத்து, ஒரு கரண்டிக் கீரையைக் கூட்டுவோம். உண்டபின் தொலைக்காட்சிமுன் அமருமுன், வீட்டில் உள்ள ஒருவரையும் அழைத்துக்கொண்டு தெருமுனை வரை நடந்து திரும்புவோம். முதல் தவணை அவ்வளவுதான்.